உயரம் சோறு போடுமா?

வாணியம்பாடியிலிருந்து ஜவ்வாது மலையை நோக்கிச் செல்லும் சாலையில், மலை ஏறத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது ஆலங்காயம். மேலேயிருந்து சாமையும் புளியும் பலாப்பழமும் இறங்குகின்றன. கீழேயிருந்து உப்பும் துணியும் ஏறுகின்றன. அதே சாலையில் இன்னும் மேலே போனால் காவலூர். அங்கே 1986-ஆம் ஆண்டு முதல், 2.34 மீட்டர் அகலமுள்ள பெரிய கண்ணாடி ஒன்றைக் கொண்டு வான சாஸ்திரிகள் நட்சத்திரங்களை ஆராய்ந்து வருகிறார்கள். நானும் நட்சத்திரம் பார்க்கத்தான் போனேன். போன அன்று பார்த்து மேகம் வானத்தை மூடிக்கொண்டது. ஒன்றும் காணாமல் இறங்கி வந்து, ஆலங்காயம் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன்.

கடை வாசலில் ஒரு பையன் நின்றான். தாழ்வாரத்துத் தகரம் அவன் நெற்றிக்கு நேராக இருந்தது. குனிந்து உள்ளே வருவதா, வெளியிலேயே நிற்பதா என்று தெரியாமல், உயரமான பிள்ளைகளுக்கே உரிய ஒரு கூச்சத்துடன் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான். காலில் ரப்பர் செருப்பு. குதிகால் செருப்புக்கு வெளியே இரண்டு விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தது. அவனுடைய தகப்பனார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் விளையாட்டுப் பந்தயங்களைப் பற்றிப் பத்திரிகைகளுக்கு எழுதுகிறவன் என்பதைக் கடைக்காரர் அவருக்கு எப்படியோ தெரிவித்துவிட்டார்.

"ஐயா, இவனுக்குப் பதினாலு முடிஞ்சு பதினஞ்சு நடக்குது. ஆறடி மூணு அங்குலம். டிரில் வாத்தியாரு கூடைப்பந்து ஆஸ்டல்ல சேர்த்துடுங்கறாரு. நிலத்துல இவன் கை இல்லாம எனக்கு முடியாது. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். இந்த உயரம் சோறு போடுமா?"

சட்டென்று ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ் வருவதற்கு ஒரு மணி நேரம் இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரு கதையை அவருக்குச் சொல்லத் தொடங்கினேன். அதையே சற்று விரிவாக நேயர்களுக்கும் சொல்லுகிறேன்.

பஞ்சாபில் பர்னாலா ஜில்லாவில் பல்லோ கே என்று ஒரு சிறு கிராமம். அங்கே பல்பீர் சிங் என்ற விவசாயி ஏழடிக்கு மேல் வளர்ந்திருந்தார். வாலிபத்தில் அவரைக் கண்டவர்களெல்லாம், "நீ கூடைப்பந்து ஆட வேண்டியவன்" என்று சொன்னார்களாம். ஆனால் அவருடைய தந்தை, நிலத்தையும் மாவு மில்லையும் விட்டுப் பிள்ளை போவதற்குச் சம்மதிக்கவில்லை. பல்பீர் சிங் ஏரோடு நின்றுவிட்டார். அந்த ஏக்கம் மட்டும் நிற்கவில்லை. 1995-ஆம் ஆண்டு டிசம்பரில் பிறந்த மகன் சத்நாம், பத்து வயதுக்குள்ளேயே ஊரார் அண்ணாந்து பார்க்கும்படி வளர்ந்தபோது, தகப்பனார் தமக்குக் கிடைக்காததை அவனுக்குக் கொடுக்கத் தீர்மானித்தார். லூதியானாவில் உள்ள கூடைப்பந்துக் கழகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே பயிற்சி ஆசிரியராக இருந்தவர் டாக்டர் எஸ். சுப்பிரமணியன். பெயர் நம் காதுக்குப் பழகிய பெயராக இருக்கிறதல்லவா? பஞ்சாபின் நெட்டைப் பிள்ளைகள் பலரை ஆட்டக்காரர்களாக்கியவர் அவர்.

கதையின் இந்த இடத்தில் தகப்பனார் குறுக்கிட்டு, "அந்தப் பையனுக்குச் செருப்பு எங்கே கிடைச்சுது?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன்; பிறகு சிரித்ததற்காக வெட்கப்பட்டேன். ஆம்பூரும் வாணியம்பாடியும் தோலைப் பதனிட்டு உலகத்துக்கெல்லாம் பாதரட்சை தைத்து அனுப்புகிற ஊர்கள். அவற்றின் நிழலிலே வளர்ந்த பிள்ளைக்குக் கால் அளவில் ஒரு ஜோடி கிடைப்பதில்லை. பல்லோ கே பையனுக்கும் அதே கஷ்டந்தான்.

2010-ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்க விளையாட்டு ஸ்தாபனமும் இந்தியாவின் பெரிய கம்பெனி ஒன்றும் சேர்ந்து, நம் தேசத்திலிருந்து நான்கு பையன்களையும் நான்கு பெண்களையும் பொறுக்கி எடுத்து, உபகாரச் சம்பளத்துடன் பிளாரிடா மாகாணத்துக்கு அனுப்பின. அந்த எட்டுப் பேரில் சத்நாம் ஒருவர். வயது பதினான்கு. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேச வராது. வகுப்பில் ஆசிரியர் சொல்லுவது புரியாது. களத்தில் பயிற்சியாளர் கத்துவது புரியாது. சாப்பாட்டு மேஜையில் இருப்பது பழக்கமில்லை. பிராடென்டன் என்ற அந்த ஊரில் ஐந்து ஆண்டுகள் தங்கிப் பாஷையையும் பந்தையும் ஒருங்கே கற்றுக்கொண்டார்.

2015-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் தேதி நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் அந்த வருஷத்துத் தேர்வு நடந்தது. அமெரிக்காவின் பெரிய சங்கமான என்.பி.ஏ.யில் 30 குழுக்கள். அவை முறைவைத்து ஆண்டுக்கு 60 புதிய ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். அன்று 52-ஆவது பெயராக டல்லாஸ் மாவெரிக்ஸ் குழு, சத்நாம் சிங் என்று அழைத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவர் அந்தத் தேர்வில் எடுக்கப்பட்டது அதுவே முதல் தடவை. அவர் அப்போது ஏழடி இரண்டு அங்குலம். கலாசாலை வாசலை மிதிக்காமல் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே எடுக்கப்பட்டவர் பத்து ஆண்டுகளில் வேறு எவரும் இல்லை. தேசம் முழுவதும் பத்திரிகைகள் படம் போட்டன. அடுத்த ஆண்டில் அவரைப் பற்றி ஒரு சினிமாப் படமே வெளிவந்தது. 'நூறு கோடியில் ஒருவன்' என்று பொருள்படும் தலைப்பு.

இந்த இடத்தில் ஒரு கதாசிரியராயிருந்தால் சுபம் போட்டுவிடுவார். வாழ்க்கை அப்படிச் சுபம் போடுவதில்லை.

பெயர் அழைக்கப்படுவது வேறு, வேலை கிடைப்பது வேறு. முதல் சுற்றில் எடுக்கப்படும் முப்பது பேருக்குச் சம்பள ஒப்பந்தம் நிச்சயம். இரண்டாம் சுற்றில் எடுக்கப்படுகிறவர்களுக்கு அந்த நிச்சயம் இல்லை. அவர்கள்மீது அந்தக் குழுவுக்கு உரிமை உண்டு, அவ்வளவுதான். ஒரு குழுவில் பதினைந்து நாற்காலிகள். அவை நிரம்பிவிட்டால், டி-லீக் என்று அப்போது பெயர் வழங்கிய கீழ்ச் சங்கத்துக்கு அனுப்பிவிடுவார்கள். சத்நாம் அப்படித்தான் டெக்ஸாஸ் லெஜண்ட்ஸ் என்ற குழுவுக்கு அனுப்பப்பட்டார். மேல் சங்கத்தில் புதிதாய்ச் சேருகிறவனுக்கு அந்த ஆண்டில் மிகக் குறைந்த சம்பளமே சுமார் 5 லட்சத்து 25 ஆயிரம் டாலர். கீழ்ச் சங்கத்தில் ஒரு பருவம் முழுவதும் ஆடினால் 13 ஆயிரத்திலிருந்து ஏறக்குறைய 26 ஆயிரம் டாலர் வரை. அதே பந்து, அதே பத்தடி உயரத்து வளையம். இடையில் உள்ள தூரம் மட்டும் ஆலங்காயத்துக்கும் ஆகாயத்துக்கும் உள்ள தூரம்.

நம் ஊர்த் திருவிழாவில் நாகஸ்வர கோஷ்டி வருகிறது. பெரிய வித்வானின் பெயர் நோட்டீஸில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அவருக்குப் பின்னால் ஒத்து ஊதுகிறவர் ஒருவர் இரவெல்லாம் கன்னம் வலிக்க நின்றுகொண்டிருக்கிறார். அவர் பெயர் யாருக்குத் தெரியும்? அமெரிக்கக் கூடைப்பந்தின் கீழ்ச் சங்கம் இப்படி ஒத்து ஊதுகிறவர்களால் நிரம்பியது. ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே ஒவ்வொருவரும், நாளை காலை டெலிபோன் மணி அடிக்கும், மேல் சங்கத்திலிருந்து அழைப்பு வரும் என்று எண்ணிக்கொண்டே தூங்கப் போகிறார்கள்.

சத்நாமுக்கு அந்த மணி அடிக்கவில்லை. டெக்ஸாஸில் இரண்டு பருவங்கள் இருந்தார். களத்தில் இறங்கியது அத்திப் பூத்தாற் போலத்தான். அந்தக் காலத்திலேயே ஆட்டம் மாறிக்கொண்டிருந்தது. வளையத்தின் அடியில் மலைபோல் நிற்கும் நெட்டையனை வைத்து ஆடிய காலம் போய், தூரத்திலிருந்து குறி தவறாமல் எறிகிறவனும் சிட்டாய்ப் பறக்கிறவனும் வேண்டும் என்ற காலம் வந்துவிட்டது. ஏழடி இரண்டு அங்குலத்தை நம்பிப் பத்து ஆண்டு உழைத்தவர் எதிரே, உயரம் மட்டும் போதாது என்ற செய்தி வந்து நின்றது. பிறகு 2018-இல் கானடாவுக்குப் போய் செயின்ட் ஜான்ஸ் எட்ஜ் என்ற குழுவில் ஒரு பருவம் ஆடினார். என்.பி.ஏ.யின் ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கியதில்லை.

இன்னொரு அடியும் விழுந்தது. அதை மறைத்துக் கதை சொல்லுவது நியாயமாகாது. 2019-ஆம் ஆண்டு நவம்பரில், தென் ஆசியப் பந்தயத்துக்காகப் பெங்களூரில் நடந்த முகாமில் எடுத்த பரிசோதனையில், ஹைஜெனமைன் என்ற விலக்கப்பட்ட வஸ்து அவர் உடலில் இருந்ததாகத் தெரிந்தது. குற்றத்தை மறுத்து அவர் விசாரணை கோரினார். விசாரணைக் குழு 2020-இல் இரண்டு ஆண்டுத் தடை விதித்தது. தடை முடிந்தபோது வயது இருபத்தைந்து முடியும் தறுவாய். 2022 முதல் அமெரிக்காவில் கண்காட்சி மல்யுத்த மேடையில் தோன்றலானார். உயரம் அங்கே விலைபோயிற்று. கூடைப்பந்துக்கு அது வேண்டியிருக்கவில்லை.

"ஆக, கெட்டுப்போனானா?" என்றார் ஆலங்காயத்துத் தகப்பனார்.

இந்தக் கேள்விக்கு எனக்குக் கோபம் வந்தது, அவர்மீது அல்ல. தூக்கி வைத்து ஆடிய பத்திரிகைகள் மீது. பதினான்கு வயதில் தாய்மொழி கேட்காத தேசத்துக்குப் போய், ஐந்து ஆண்டில் உலகத்தின் அறுபது பேரில் ஒருவராக நின்றது சாதாரணக் காரியமா? அறுபத்தோராவது ஆளுக்கு ஒரு வருத்தமும் இல்லை; அவனை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஐம்பத்திரண்டாவது ஆளைத்தான் ஊர் முழுவதும் தோற்றவன் என்கிறது.

சிம் புல்லர் என்ற இன்னொருவரைப் பற்றியும் சொன்னேன். இவர் கானடாவில் டொராண்டோவில் பிறந்த பஞ்சாபி. ஏழடி ஐந்து அங்குலம். 2014-ஆம் ஆண்டுத் தேர்வில் இவர் பெயரை ஒரு குழுவும் அழைக்கவில்லை. பம்பாயில் பிறந்து அமெரிக்காவில் செல்வரான விவேக் ரணதிவேயின் சாக்ரமென்டோ கிங்ஸ் குழு இவரைக் கீழ்ச் சங்கத்தில் வைத்திருந்து, 2015 ஏப்ரலில் பத்து நாள் ஒப்பந்தத்தில் மேலே அழைத்தது. நமது கொத்தனாரைப் பத்து நாள் வேலைக்குக் கூப்பிடுவது போலத்தான். ஏப்ரல் 7-ஆம் தேதி அவர் களத்தில் கால் வைத்தார். ஆட்ட முடிவில் 16 விநாடி. அந்த 16 விநாடிதான் இந்திய வம்சத்தில் வந்த ஒருவர் என்.பி.ஏ.யில் முதன்முதல் ஆடிய ஆட்டம். மறுநாள் ஒரு பந்தை வளையத்தில் போட்டார். மூன்றே ஆட்டங்களுடன் அந்தக் கணக்கு முடிந்தது.

புல்லர் அதோடு வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடவில்லை. கீழ்ச் சங்கத்தில் இன்னொரு பருவம் ஆடிப் பார்த்தார்; பிறகு தைவான் தீவுக்குக் கப்பலேறினார் - விமானந்தான், பழக்கத்தில் கப்பல் என்று வந்துவிட்டது. அங்கே டாசின் டைகர்ஸ் என்ற குழுவிலும், பிற்பாடு சின்ச்சு நகரத்துக் குழுவிலும் ஆடி, அந்தத் தேசத்து ரசிகர்கள் காசு கொடுத்துப் பார்க்க வரும் ஆட்டக்காரர்களில் ஒருவராக ஆனார். அமெரிக்காவில் பதினாறு விநாடிக்கு மேல் தேவைப்படாதவர் தைவானில் ஆட்டம் முழுவதும் தேவைப்பட்டார்.

இதுதான் ஊர் ஊராய்ப் போய்க் கூலிக்கு ஆடுகிற ஆட்டக்காரனுடைய ஜீவனம். வட ஆற்காட்டுக் கூத்து ஜமாவைப் போல. இந்தப் பருவம் இங்கே, அடுத்த பருவம் எங்கே என்று தெரியாது. முழங்கால் வலித்தால் வெளியே சொல்லக் கூடாது. மொழி தெரியாத ஊரில் வாடகை வீடு. பண்டிகைக்கு வீட்டுக்கு டெலிபோன். ஆனாலும் கௌரவமான தொழில். ஆடினால் சம்பளம், ஆடாவிட்டால் இல்லை. பஞ்சாபின் இன்னொரு குடியானவர் பிள்ளை அம்ரித்பால் சிங், மிகவும் பிந்தித்தான் இந்தப் பந்தைக் கையில் எடுத்தார். அவர் ஜப்பானில் ஆடிவிட்டு, 2017-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸ் குழுவில் இடம்பெற்றார். அவரும், காசியிலிருந்து வந்த விசேஷ் பிருகுவன்ஷியும் இன்னும் சிலரும் சேர்ந்துதான் 2014-ஆம் ஆண்டு ஆசியக் கோப்பையில், சீனாவைச் சீன மண்ணிலேயே 65-க்கு 58 என்ற கணக்கில் தோற்கடித்தார்கள். அந்தச் செய்தியை நம் வீடுகளில் எத்தனை பேர் படித்தார்கள்?

இவ்வளவு தூரம் சொன்ன பிறகு எனக்கே ஒரு கேள்வி எழுந்தது. ஏன் இந்தப் பிள்ளைகளெல்லாம் டெக்ஸாஸுக்கும் தைவானுக்கும் சிட்னிக்கும் போக வேண்டியிருக்கிறது?

நமக்கு இந்த ஆட்டம் புதிதல்ல. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு ஊரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பழக்கூடைகளை உயரே அடித்து வைத்து முதல் ஆட்டத்தை நடத்தினார். அந்த ஆட்டத்தில் ஆடிய மாணவர்களில் ஒருவரான டங்கன் பாட்டன் 1894-லேயே இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட்டார். அதே ஸ்பிரிங்பீல்டில் படித்த ஹாரி பக் என்பவர் சென்னைக்கு வந்து, 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. தேகப்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே தயாரான டிரில் வாத்தியார்கள் நம் ராஜதானியின் பட்டணங்களிலெல்லாம் வளையம் நட்டார்கள். 1934-இல் டில்லியில் அகில இந்தியப் பந்தயம் நடந்தாயிற்று. அத்தனைக்கும் பிறகு, கூடைப்பந்தில் நாம் ஒலிம்பிக் பந்தயத்துக்குப் போனது 1980-இல் மாஸ்கோவுக்கு ஒரே ஒரு தடவை.

குறை எங்கே என்று கேட்டால், ஆட்டக்காரரிடம் இல்லை என்றே சொல்லுவேன். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. காவேரிக் கரையில் நூற்றுக்கணக்கான சாதாரண நாகஸ்வரக்காரர்கள், கோயில் மானியத்திலும் கல்யாணக் கூலியிலும் பிழைக்க முடிந்தது. அவர்களில் ஒருவர் பிள்ளையாக, அவர்கள் நடுவிலே, ஒரு ராஜரத்தினம் உண்டானார். நடுத்தர வித்வானுக்குச் சோறு கிடைக்காத ஊரில் மகா வித்வான் பிறப்பதில்லை. கூடைப்பந்துக்கும் அதேதான். சம்பளத்துக்கு ஆடும் சங்கம் ஒன்றை 2015-இல் ஆரம்பித்தார்கள். 'சென்னை ஸ்லாம்' என்ற பெயரில் நமக்கும் ஒரு குழு இருந்தது. சில பருவங்களில் அது ஓய்ந்துவிட்டது. 2022-க்குப் பின் தேசியச் சம்மேளனமே இன்னொரு சங்கத்தை முயன்றிருக்கிறது. இதற்கு நடுவில், 2019 அக்டோபரில் அமெரிக்கக் குழுக்கள் இரண்டு பம்பாய்க்கு வந்து இரண்டு ஆட்டம் ஆடிக் காட்டிவிட்டுப் போயின. அந்நியத் துணி விற்ற கடைகளை மறியல் செய்த தேசம் இது. அவர்கள் ஆட்டத்தை விற்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. நம் தறியிலும் கொஞ்சம் நூல் ஓட வேண்டாமா?

"அப்போ இங்கேயே இருந்தா ஒண்ணும் கிடையாதா?" என்று கேட்டார் தகப்பனார். இதுதான் அவருக்கு வேண்டிய இடம் என்று எனக்குத் தெரிந்தது.

உண்டு, ஆனால் வேறு ரூபத்தில் உண்டு. இந்தியாவில் கூடைப்பந்து சோறு போடுவது உத்தியோகத்தின் மூலமாக. இந்தியன் ஓவர்சீஸ் பாங்கி, இந்தியன் பாங்கி, வருமான வரி இலாகா, பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, தெற்கு ரயில்வே, தரைப்படை, கப்பற்படை, விமானப்படை - இவை எல்லாம் ஆட்டக்காரர்களுக்கென்று வேலை கொடுத்துக் குழு வைத்திருப்பவை. காலையில் பயிற்சி, பிறகு ஆபீஸ், மாலையில் மறுபடியும் பயிற்சி. கோடை வந்தால் பந்தயம். மே மாதத்தில் பெரியகுளத்துக்குப் போய்ப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், மின்சார விளக்குகளின் கீழே, அகில இந்தியக் குழுக்கள் ஆடுகின்றன. மாந்தோப்பு வேலை முடித்துவந்த ஜனங்கள் நள்ளிரவு வரை உட்கார்ந்து புள்ளி எண்ணுகிறார்கள். அங்கிருந்து கரூர், கோயம்புத்தூர் என்று குழுக்கள் வரிசையாய்ப் போகும். சென்னையில் பிறந்த அனிதா பால்துரை, தெற்கு ரயில்வேயில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே பதினெட்டு ஆண்டு இந்தியாவுக்காக ஆடினார். பத்தொன்பது வயதில் தலைவி. பிள்ளை பெற்றுத் திரும்பி வந்து 2017-இல் மறுபடியும் தேசத்துக்காக ஆடினார். 2021-இல் பத்மஸ்ரீ. அவரை டல்லாஸ் அழைக்கவில்லை. யாரும் சினிமா எடுக்கவில்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது.

நல்ல வழிதான். அதில் ஒரு குறையும் உண்டு என்பதைத் தகப்பனாருக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்படிப்பட்ட வேலைகள் சொற்பம். கேட்டு நிற்பவர்கள் அநேகம். வேலை கிடைத்துவிட்டால் சிலருக்கு ஆட்டத்தில் ஊக்கம் தளர்ந்துவிடுகிறது. கிடைக்காவிட்டால் இருபத்து நான்கு வயதில் படிப்பும் அரைகுறை, ஆட்டமும் அரைகுறை. ஆகையால் ஆஸ்டலில் சேர்த்தாலும் பள்ளிப் பாடத்தை விடச் சொல்லாதீர்கள் என்றேன். பையன் இவ்வளவு நேரமும் தகரத்துக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "தூரத்திலிருந்து எறியப் பழகு, தம்பி. உயரம் உன்னை விட்டு எங்கும் போய்விடாது" என்றேன். அவன் முதல் தடவையாகத் தோளை நிமிர்த்தினான். தகரம் தலையில் இடித்தது.

தகப்பனார் வெகு நேரம் பேசாமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமைக்கு இந்த வருஷம் விலை இல்லை என்று சம்பந்தமில்லாமல் ஒன்று சொன்னார். பிறகு, "ஆஸ்டல்ல மூணு வேளையும் போடுவாங்களா?" என்று கேட்டார். போடுவார்கள் என்றேன். "முட்டை?" அதுவும் உண்டு என்றேன்.

வாணியம்பாடி பஸ் திருப்பத்தில் தெரிந்தது. நான் எழுந்தேன். அவர் என் கையிலிருந்த பத்திரிகையைச் சுட்டிக்காட்டி, "ஐயா, இதுல ஒரு தாள் வேணும், பென்சிலும் வேணும்" என்றார். கொடுத்தேன். தாளைத் தரையில் விரித்து, மகனைச் செருப்பைக் கழற்றி அதன்மேல் நிற்கச் சொன்னார். குதிகாலிலிருந்து தொடங்கி விரல்களைச் சுற்றிக்கொண்டு பென்சில் மெதுவாகப் போயிற்று. ஒரு தாள் போதவில்லை; இன்னொன்று கிழித்துக் கொடுத்தேன். "ஆம்பூர்ல என் மச்சினன் பூட்ஸ் கம்பெனியில இருக்கான்" என்று சொல்லிக்கொண்டே, இரண்டு தாளையும் சேர்த்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.